மலையில் அணை, கடைமடையில் கேள்வி: நீர்மின் திட்ட அனுமதியும் மக்கள் கருத்துக் கேட்பும்

ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுத்துப் பழகியவன் நான். வக்கீல் இல்லை. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், டீசல் மானியம் என்று வருகிறவர்களுக்கு நடுவே, அணையைப் பற்றிக் கேட்கிறவர்களும் சில வருடங்களாக வருகிறார்கள். பெரிய கண்மாய்த் தண்ணீரில் விவசாயம் செய்கிற ஆயக்கட்டுக்காரர்கள், வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை ஊர்ப் பக்கத்து மீனவர்கள், ஒரு தடவை கடலில் பாசி எடுக்கும் பெண்கள் நாலு பேர். திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைக்கிறேன்.

நம் மாவட்டத்தில் மலையும் இல்லை, அருவியும் இல்லை. நீர்மின் நிலையத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

மின்நிலையம் இங்கே இல்லை என்பது சரி. கட்டவும் முடியாது. விநாடிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கணக்குப்படி 980 கிலோவாட் கிடைக்கும். இயந்திரத்தில் போகிற நஷ்டம் கழித்தால் எண்ணூறு சொச்சம். நமக்குத் தண்ணீரும் கிடையாது, விழுவதற்கு உயரமும் கிடையாது. முழங்கால் உயர வரப்பு ஏறினாலே மேடு என்கிற ஊர் இது.

ஆனால் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் வந்து, லோயர் கேம்ப் மின்நிலையத்தில் சக்கரம் சுற்றி, சுருளியாற்றோடு கலந்து வைகை அணைக்குப் போகிறது. அங்கே 6 மெகாவாட் சிறு மின்நிலையம் ஒன்று இருக்கிறது, அதையும் தாண்டுகிறது. பிறகு மதுரை, விரகனூர் மதகணை, மானாமதுரை, பார்த்திபனூர் மதகணை, பரமக்குடி. மிச்சம் ஏதாவது இருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாய். அதிலும் மிஞ்சினால் ஆற்றங்கரை வழியாகப் பாக் நீரிணை. வரிசையில் நாம் கடைசி ஆள். முன்னால் நிற்பவர் எப்போது வாளியைத் தூக்குகிறார், எப்போது இறக்குகிறார் என்பது நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

குடிநீருக்கு நிற்பது வேறொரு வரிசையில். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருவது திருச்சிப் பக்கத்திலிருந்து எடுக்கிற காவிரித் தண்ணீர். அது மேட்டூரைத் தாண்டி வந்தது. மேட்டூரில் 1937 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆக, குடத்தில் பிடிப்பதும் ஒரு நீர்மின் நிலையத்தைக் கடந்து வந்த தண்ணீர்தான்.

கடல் இருக்கிறதே, அலையிலோ, கடல் ஏறி வற்றுகிற ஓதத்திலோ மின்சாரம் எடுக்கலாமா?

பாம்பனில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் கீழே. குஜராத்தில் காம்பே, கட்ச் வளைகுடாக்களில் அது பல மீட்டர். அதனால் ஓத மின்சாரம் என்ற பேச்சு வந்தாலே அங்கேதான் போகிறது. இங்கே அந்தப் பேச்சுக்கு வேலை இல்லை.

நீர்மின் நிலையம் கட்ட லைசென்ஸ் கொடுப்பது யார்?

‘லைசென்ஸ்’ என்று ஒரே ஒரு காகிதம் நம் நாட்டில் கிடையாது. இது பலருக்குப் புரிவதில்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், மின் உற்பத்திக்கு உரிமம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அனல்மின், சூரியமின் எல்லாம் அந்தக் கணக்கு. நீர்மின்சாரத்துக்கு மட்டும் 8-ஆம் பிரிவு என்று ஒரு வேகத்தடை. மத்திய அரசு குறிக்கும் தொகைக்கு மேல் செலவாகிற நீர்மின் திட்டம் என்றால், அதன் முழுத் திட்டத்தையும் மத்திய மின்சார ஆணையத்திடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

அந்த 8-ஆம் பிரிவை ஒரு முறை படித்துப் பாருங்கள், நமக்கு வேண்டிய வரி அதில் இருக்கிறது. ஒப்புதல் கொடுக்கும் முன் ஆணையம் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, அந்த ஆற்றில் கட்டப்போகும் வேலை, குடிநீர், பாசனம், போக்குவரத்து, வெள்ளத் தடுப்பு போன்ற தேவைகளுக்கு இசைவாக ஆற்றின் மின்சார வளத்தை முழுமையாக வளர்ப்பதைக் கெடுக்குமா என்பது. இன்னொன்று, அணையின் வடிவமைப்பும் பாதுகாப்பும். ‘பாசனம்’ என்ற சொல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மனுவில் இந்தப் பிரிவைக் காட்டினால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

இதற்கு மேல் சுற்றுச்சூழல் அனுமதி தனி. காட்டு நிலம் போனால் வன அனுமதி தனி. சரணாலயம் பக்கம் என்றால் தேசிய வனவிலங்கு வாரியம். பட்டா நிலம் எடுத்தால் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி சமூகத் தாக்க மதிப்பீடு. இத்தனை கதவு இருக்கிறதே என்று கட்டுகிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள். நம் பார்வையில், பொதுமக்கள் நுழைய முடிகிற கதவு இவற்றில் ஒன்றோ இரண்டோதான்.

எந்த அளவுத் திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்பு கட்டாயம்?

2006 செப்டம்பர் 14-ஆம் தேதி வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் அடிப்படை. பெரிய திட்டம் என்றால் ‘ஏ’ வகை, டெல்லியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பார்க்கும். 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நடுத்தரத் திட்டம் என்றால் ‘பி’ வகை, மாநில அளவிலான ஆணையம் பார்க்கும். 25-க்குக் கீழே என்றால் இந்த அறிவிக்கையே தொடாது. கேட்பும் இல்லை, கூட்டமும் இல்லை. காட்டு நிலம் இருந்தால் வன அனுமதி மட்டும் வாங்க வேண்டும்.

வேலியில் ஓட்டை எங்கே என்று ஆட்டுக்குத் தெரியும். 24.75 மெகாவாட் என்று எல்லைக்கு ஒரு நூல் கீழே அளவு போட்ட திட்டங்கள் நாட்டில் உண்டு. ஒரே ஆற்றில் அப்படி நாலைந்து வரிசையாக வந்தால் மொத்தம் நூறு மெகாவாட் ஆகிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே ‘சிறு திட்டம்’. என்னைக் கேட்டால் மெகாவாட்டை அளவுகோலாக வைத்ததே தப்பு. ஆற்றில் எத்தனை கிலோமீட்டர் தூரம் காய்கிறது என்று அளந்திருக்க வேண்டும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் எப்படி நடக்கும்?

விதியை முதலில் சொல்கிறேன். கட்டப்போகிறவர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையை மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுப்பார். வாரியம் தேதி குறித்து, ஒரு தேசியப் பத்திரிகையிலும் ஒரு வட்டார மொழிப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுக்கும். விளம்பரத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். அந்த நாட்களில் அறிக்கை கலெக்டர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் யாரும் படிக்கிற மாதிரி வைத்திருக்க வேண்டும். சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டம் திட்ட இடத்திலோ அதை ஒட்டியோ நடக்கும். கலெக்டரோ, கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவரோ தலைமை. முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்கிற கோரம் கிடையாது, பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். வாக்கெடுப்பும் கிடையாது. எல்லோரும் வேண்டாம் என்றாலும் அனுமதி வரலாம், ஆனால் எழுப்பின ஒவ்வொரு கேள்விக்கும் இறுதி அறிக்கையில் பதில் இருந்தாக வேண்டும்.

இனி நடப்பு. சில வருடங்களுக்கு முன் நம் கரையில் ஒரு ஊரில் நடந்த கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நீர்மின் திட்டம் இல்லை, வேறொரு திட்டம். ஆனால் நடைமுறை அதே அறிவிக்கைதான். சாமியானா, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், வெயிலுக்குப் பிசின் மாதிரி ஒட்டுகிற நாற்காலி. முதல் முக்கால் மணி நேரம் கம்பெனிக்காரர் திரையில் படம் காட்டினார். பகல் வெளிச்சத்தில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மைக் கீழே வந்தது.

பாசி எடுக்கும் ஒரு அம்மா எழுந்தார். எந்தத் தீவுக்கு எந்த மாதம் போவோம், எந்தக் காற்றில் தண்ணீர் தெளியும், கலங்கினால் எத்தனை நாள் வேலை இருக்காது என்று, குறிப்பு எதுவும் இல்லாமல் ஆறேழு நிமிடம் பேசினார். நான் கேட்ட பேச்சுகளிலேயே இவ்வளவு துல்லியமாக ஒருவர் பேசி அன்றுதான் கேட்டேன். பின்னால் நடவடிக்கைக் குறிப்பு வந்தபோது தேடிப் பார்த்தேன். ‘கடல்வளம் பாதிக்கப்படுமா என வினவினார்’ என்று ஒரே வரி. அவ்வளவுதான்.

கூட்ட முடிவில், எழுந்த பிரச்சினைகளின் தொகுப்பை உள்ளூர் மொழியில் எழுதி அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும், அன்றைக்கே கலெக்டர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அன்று வாசித்தபோது பாதிப் பேர் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் போயிருந்தார்கள், நானும் கவனிக்கவில்லை. அந்த இடத்தில் எழுந்து ‘அந்த அம்மா சொன்ன மாதக் கணக்கு எங்கே?’ என்று கேட்டிருக்கலாம். கேட்காதது என் தப்பு. அன்றிலிருந்து யார் வந்து கேட்டாலும் சொல்வது இதுதான்: பேசுவதையே ஒரு தாளில் எழுதி இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், பேசி முடித்ததும் ஒன்றை மேஜையில் கொடுத்து இன்னொன்றில் முத்திரை வாங்குங்கள். பேச்சு ஒரு வரியாகச் சுருங்கும், தாள் சுருங்காது.

கூட்டத்தை நடத்தவே விடக்கூடாது என்கிறார்களே?

கோபம் புரிகிறது. ஆனால் அதே அறிவிக்கையில் இன்னொரு வரி உண்டு. உள்ளூர் நிலைமையால் மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும்படி கூட்டம் நடத்த முடியாது என்று அதிகாரிகள் அறிக்கை கொடுத்தால், கூட்டமே வேண்டாம் என்று மேலே முடிவெடுக்கலாம். நாற்காலியைத் தூக்கி எறிந்தால் நஷ்டம் யாருக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அணை தேனியிலோ நீலகிரியிலோ கர்நாடகத்திலோ வருகிறது. ராமநாதபுரத்துக்காரர் போய்ப் பேச முடியுமா?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். நேராகச் சொன்னால், கூட்டம் நமக்காகப் போட்டது இல்லை. திட்டம் அமையும் மாவட்டத்தில்தான் கூட்டம், உள்ளூரில் பாதிக்கப்படுபவர்களுக்காகத்தான் கூட்டம். இரண்டு மாநிலத்தில் திட்டம் பரவினால் இரண்டிலும் நடத்த வேண்டும். ஆனால் ‘பரவுவது’ என்றால் அணையும் நீர்த்தேக்கமும்தான். ஆறு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது கணக்கில் வராது. 300 கிலோமீட்டர் கீழே கண்மாய் காய்ந்தாலும் அந்த ஊர் ‘திட்டப் பகுதி’ ஆகாது.

மேக்கேதாட்டுவை எடுத்துக்கொள்ளுங்கள். கனகபுரா பக்கம் கர்நாடகம் கட்ட நினைக்கும் அணை: 67.16 டிஎம்சி கொள்ளளவு, பெங்களூருக்குக் குடிநீர், கூடவே 400 மெகாவாட் நீர்மின்சாரம். பெரிய திட்டம் என்பதால் ‘ஏ’ வகை. கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடந்தால் அது அங்கே கன்னடத்தில் நடக்கும். காவிரித் தண்ணீரைக் குழாயில் பிடிக்கும் நம் மண்டபம் ஊர்க்காரருக்கு அங்கே நாற்காலி போட மாட்டார்கள். மாநிலங்களுக்கு இடையிலான சண்டைக்கு 1956-ஆம் ஆண்டு நதிநீர்த் தகராறு சட்டம், நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம், 2018-ல் அமைந்த காவிரி மேலாண்மை ஆணையம் என்று வேறு பாதை இருக்கிறது. அதில் பேசுவது அரசுகள். நீங்களும் நானும் இல்லை.

ஆனால் மக்கள் கருத்துக் கேட்பு என்பதற்கு இரண்டு கால். ஒன்று கூட்டம். இன்னொன்று எழுத்து. எழுத்துக்கு ஊர் எல்லை கிடையாது. திட்டத்தின் சுற்றுச்சூழல் விளைவில் நியாயமான அக்கறை உள்ள எவரும் எழுதலாம் என்கிறது அறிவிக்கை. கடைமடை விவசாயிக்கும் முகத்துவார மீனவருக்கும் அந்த அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மேலே நாற்காலி இல்லாதவருக்குச் சட்டம் விட்டு வைத்த இடம் அந்தக் கடித உறைதான். அதை நம் ஆட்கள் பயன்படுத்துவதே இல்லை. பஸ் பிடித்துப் போய்க் கோஷம் போட்டுவிட்டு வருவதை விட இதற்குச் செலவும் கம்மி.

சரி, எழுதுகிறேன். என்ன எழுதுவது?

‘எங்கள் வாழ்வாதாரம் பறிபோகும், எனவே திட்டத்தைக் கைவிட வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் அந்த வரிக்கு யாரும் பதில் எழுத வேண்டியதில்லை. பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வியாக எழுதுங்கள்.

ஆயக்கட்டுக்காரர் என்றால் உங்களிடம் இருப்பது வரலாறு. பெரிய கண்மாய் எந்தெந்த வருடம் நிரம்பியது, எந்த வருடம் கலுங்கு வழியாக மறுகால் போனது, மடை திறந்த தேதி என்ன, நெல் விட்டுப்போய் முண்டு வத்தலுக்கு மாறியது எப்போது. பாசன சங்க நோட்டில் இதெல்லாம் இருக்கும். மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்க்கட்டியின் மனதிலும் இருக்கும். அதை ஒரு தாளில் வரிசைப்படுத்திவிட்டுக் கேளுங்கள்: ‘உங்கள் அறிக்கையில் பார்த்திபனூர் மதகணைக்குக் கீழே நீர்வரத்து கணக்கிடப்பட்டுள்ளதா? இல்லை என்றால் ஏன் இல்லை?’

மீனவர் என்றால் ஏலச் சீட்டு வைத்திருப்பீர்கள். ஆற்றில் தண்ணீர் வந்த வருடம் முகத்துவாரத்தில் இறாலும் மடவையும் எவ்வளவு பட்டது, வராத வருடம் எவ்வளவு என்று காட்டினால், அதற்கு ஈடான கணக்கு எந்த ஆலோசகர் அறிக்கையிலும் இருக்காது. இந்த அறிக்கைகளை எழுதுகிற நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுப்பது கட்டுகிறவர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். பொய் எழுதுவார்கள் என்று சொல்லவில்லை. கேட்காததை எழுத மாட்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், ஆற்றில் எப்போதும் விட்டே ஆக வேண்டிய தண்ணீர். மத்திய அமைச்சகத்துக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழு வழக்கமாக மெலிந்த மாதங்களில் வரும் சராசரி நீரில் 20 சதவீதமும் மழைக்காலத்தில் 30 சதவீதமும் கீழே விடச் சொல்லும். அதை யார் அளப்பார், எங்கே அளப்பார், அன்றாட அளவைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மணலையும் விட்டுவிடாதீர்கள். அணைக்குப் பின்னால் தேங்குவது தண்ணீர் மட்டும் இல்லை, மணலும் வண்டலும்கூட. அவை வராவிட்டால் முகத்துவாரமும் கரையும் மெலியும். வண்டலை வெளியேற்ற அடிமதகு உண்டா, எந்த மாதம் திறப்பீர்கள் என்று ஒரு வரி.

முடிந்தால் இதையெல்லாம் கேட்புக் கூட்டத்துக்கும் முன்னாலேயே அனுப்புங்கள். எதை எதை ஆராய வேண்டும் என்று நிபுணர் குழு முதலில் ஒரு வரையறை போட்டுக் கொடுக்கும். அந்தக் கட்டத்தில் ‘கடைமடை’ என்ற சொல் நுழைந்துவிட்டால் அறிக்கை எழுதுகிறவர் கடைமடை வரை வந்தே ஆக வேண்டும். வீடு கட்டிய பிறகு ஜன்னல் கேட்பதை விட வரைபடத்திலேயே கேட்டுவிடலாமே.

மின்சாரம் எடுத்தால் தண்ணீர் குறைந்துவிடாதே. சக்கரத்தைச் சுற்றிவிட்டு அப்படியே வந்துவிடும்தானே?

அளவு பெரிதாகக் குறையாது, வேளைதான் மாறும். மின்சாரம் தேவைப்படுவது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். நாற்றுக்குத் தண்ணீர் தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகையில். மின்தேவைக்காகத் திறந்து மூடினால் ஆற்றில் ஒரு நாளுக்குள்ளேயே வெள்ளமும் வறட்சியும் வந்து போகும். துண்டு துண்டாக விடுகிற தண்ணீரை வழியில் இருக்கும் மணல் குடித்துவிடும். கடைசி வரை வந்து சேராது. வைகையில் இந்த அனுபவம் நமக்கு நிறைய உண்டு. பெரியாறு, வைகை மின்நிலையங்கள் பெரும்பாலும் பாசனத்துக்குத் திறக்கிற தண்ணீரில் ஓடுவதால் இப்போதைக்குப் பிழைத்தோம்.

பாசனத்துக்கு வாங்கிய தண்ணீரில் மின்சாரம் எடுக்கத் தனி அனுமதி வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு நம் ஆற்றிலேயே நூறு வருடக் கதை இருக்கிறது. மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாமா என்று 1789-ல் முதலில் யோசித்துப் பார்த்தவர் ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்திருளப்ப பிள்ளை. நம் ஊர்க்காரர். செலவு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். பிறகு 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் 999 வருடக் குத்தகை ஒப்பந்தம். பென்னிகுவிக் கட்டிய அணை 1895-ல் முடிந்தது.

குத்தகை பாசனத்துக்கு. பிற்பாடு மதராஸ் அரசு அதே தண்ணீரில் மின்சாரமும் எடுக்க நினைத்தபோது திருவிதாங்கூர் மறுத்தது. நடுவர் வரை போய், பாசனத்துக்கு மட்டுமே என்று 1941-ல் தீர்ப்பானது. 1950-களின் கடைசியில் லோயர் கேம்பில் 35 மெகாவாட் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கி, நாலும் சேர்ந்து 140 மெகாவாட் ஆனது. 1970-ல் கேரளத்தோடு துணை ஒப்பந்தம் போட்டுத்தான் கணக்கு நேரானது: நில வாடகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாய், எடுக்கும் மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம், ஏரியில் மீன்பிடி உரிமை கேரளத்துக்கு. அதில் மின்சாரத்துக்கு விலை இருக்கிறது, மீனுக்கு உரிமை இருக்கிறது. கடைசிக் கண்மாய்க்கு என்று ஒரு வரி இல்லை. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

நீரேற்று மின்திட்டம் என்கிறார்களே, அது வேறா?

கொஞ்சம் வேறு. மேலே ஒரு ஏரி, கீழே ஒரு ஏரி. மின்சாரம் மிஞ்சும்போது கீழிருந்து மேலே பம்ப் செய்வது, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களிலிருந்து இருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட் வேலை நடக்கிறது. நீலகிரியில் சில்லஹல்லா என்ற 1,000 மெகாவாட் திட்டத்துக்கு அங்குள்ளவர்கள் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள். 2024-ல் தமிழக அரசு சிறு நீர்மின் திட்டங்களுக்கும் நீரேற்று மின்திட்டங்களுக்கும் தனித்தனிக் கொள்கை வெளியிட்டது.

இதில் நம் மாவட்டமும் ஒரு வகையில் காரணகர்த்தா. கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் 2016-ல் வந்தது. உச்சி வெயிலில் கொட்டுகிற மின்சாரம் விளக்கு வைக்கிற நேரத்தில் நின்றுபோகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மலையில் ஏரி கேட்கிறார்கள். சோலார் வந்ததால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று இங்கே உட்கார்ந்து சொல்லும்போது நீலகிரிக்காரர் முகத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்த்து எழுதி எந்தத் திட்டமாவது நின்றிருக்கிறதா?

கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு நின்றது. 1980-களின் தொடக்கத்தில் கைவிட்டார்கள், 1984-ல் தேசியப் பூங்கா ஆனது. ஆனால் அப்போது கேட்புக் கூட்ட விதியே கிடையாது. அறிவியலாளர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து எழுப்பிய குரல் அது.

விதியைப் பிடித்துக்கொண்டு நிறுத்தியதற்கு உதாரணம் அதிரப்பள்ளி. சாலக்குடி ஆற்றில் 163 மெகாவாட். 1998-ல் அனுமதி கொடுத்தார்கள். மக்களைக் கேட்டீர்களா என்று வழக்குப் போனது. கேளுங்கள் என்றது உயர் நீதிமன்றம். 2002-ல் கேட்புக் கூட்டம். அடுத்து கொடுத்த அனுமதியை நடைமுறை சரியில்லை என்று 2006-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடி கூட்டம், 2007-ல் மறுபடி அனுமதி. 2017-ல் அதன் காலமும் முடிந்துபோனது. அணை இன்றும் இல்லை, அருவி விழுந்துகொண்டிருக்கிறது. அருவியைக் காட்டி மட்டும் அவர்கள் ஜெயிக்கவில்லை. தேதி, அறிக்கை, விடுபட்ட ஆய்வு என்று நூல் பிடித்துப் போனார்கள். அந்த ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகளும் அதில் இருந்தார்கள் என்பதை நம் ஆட்களிடம் அழுத்திச் சொல்வேன்.

ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் காலத்துக்கும் அதுதானா?

கட்டி முடிக்கத்தான் காலக்கெடு. ஆற்றுத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி முன்பு 10 வருடம் செல்லும், 2022-ல் அதை 13 ஆக்கினார்கள். கட்டிவிட்டால் அப்புறம் மக்களைத் திரும்பக் கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. அமெரிக்காவில் தனியார் நீர்மின் அணைகளுக்கு உண்மையான லைசென்ஸ் உண்டு, முப்பது முதல் ஐம்பது வருடம். முடிந்ததும் புதுப்பிக்க மறுபடி எல்லோரையும் கேட்க வேண்டும். மெய்ன் மாநிலத்தில் எட்வர்ட்ஸ் அணைக்கு 1997-ல் புதுப்பிக்க மறுத்து, 1999-ல் இடித்தே விட்டார்கள். மீன் மேலே ஏற வேண்டும் என்பது முக்கியக் காரணம். இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், ‘மீனுக்காக அணையை இடிச்சானா? நல்லா இருக்கட்டும்’ என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

நம்மிடம் இருப்பது அரையாண்டு அறிக்கை. அனுமதியின் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று கட்டியவர் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம். இணையத்தில் இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி என்ன?

தேசிய பசுமைத் தீர்ப்பாயம், தென்மண்டல அமர்வு சென்னையில். உத்தரவு வெளியான 30 நாளுக்குள் மேல்முறையீடு. தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை பொறுப்பார்கள். 91-ஆவது நாள் போனால் கதவு மூடியிருக்கும், எவ்வளவு நியாயம் இருந்தாலும் சரி. அனுமதி கிடைத்ததை ஏழு நாளுக்குள் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும் என்பது கட்டியவரின் கடமை. ஆனால் அது மலையடிவாரப் பதிப்பில் வரும், ராமநாதபுரம் பதிப்பில் வராது. அதனால் மத்திய அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தை மாதம் ஒருமுறை பார்ப்பதற்கு சங்கத்தில் படித்த பிள்ளை ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

கிராம சபைத் தீர்மானம் செல்லுமா?

சுற்றுச்சூழல் அனுமதியைத் தடுக்கிற அதிகாரம் அதற்கு இல்லை. ஆனாலும் போடுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. இந்தப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. தீர்மான நகலை எழுத்துக் கருத்தோடு இணைத்தால் தனி ஆள் மனு ஊர் மனு ஆகும்.

இழப்பீடு, இலவச மின்சாரம் நமக்கும் உண்டா?

இல்லை. 2008-ஆம் ஆண்டு தேசிய நீர்மின் கொள்கையில் சொன்ன மாதம் 100 யூனிட், பத்து வருடத்துக்கு, நிலமோ வீடோ இழந்த குடும்பங்களுக்கு. உள்ளூர் வளர்ச்சிக்கான ஒரு சதவீத மின்சாரமும் திட்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு. கடைமடைக்குக் கொள்கையில் பத்தி இல்லை.

கடிதத்தை யாருக்கு, எப்படி அனுப்புவது?

விளம்பரத்தில் குறிப்பிட்ட மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு, கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சேரும்படி. நகல் ஒன்று, அனுமதி தருவது டெல்லி என்றால் அமைச்சகத்துக்கு, மாநிலம் என்றால் மாநில ஆணையத்துக்கு. தமிழிலேயே எழுதலாம், வேறு மாநிலத்துக்குப் போகிறது என்றால் ஆங்கிலப் பிரதியும் வையுங்கள். மேலே திட்டத்தின் பெயரும் விளம்பரத் தேதியும், கீழே கையெழுத்தும் முழு முகவரியும். பத்துப் பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவதை விட, பத்துப் பேர் அவரவர் வயலையும் வலையையும் பற்றித் தனித்தனியாக எழுதுவது மேல். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இப்போது தருகிற ரசீதில் எழுத்து ஆறு மாதத்தில் வெளிறி வெறும் காகிதமாகிவிடும். தபாலாபீஸிலிருந்து திரும்பும் வழியிலேயே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.